உப்பு வண்டிக் குதிரையும் மாமாவின் ஒரு பக்கமும்

ஃப்ரீவேயில் அன்று காலை வண்டிகள் நகரவே இல்லை. மாமா ஸ்டியரிங்கில் விரல்களால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். நான் பக்கத்து சீட்டில். மடியில் டிஃபன் பாக்ஸ், அதன்மேல் ஒரு புத்தகம். சாலையோரம் முழுக்க நீலப் பூக்கள் பூத்திருந்ததால் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்திருந்தேன்.

அந்த இடைவெளி வழியாக வந்தது பூ வாசனை இல்லை. வைக்கோலும் வியர்வையும் கலந்த ஒரு சூடான வாடை. திரும்பிப் பார்த்தால், பக்கத்து லேனில் ஒரு பிக்கப் ட்ரக். அதன் பின்னால் குதிரை ஏற்றும் ட்ரெய்லர். கம்பிகளுக்கு நடுவே ஒரு குதிரையின் முகம். ஈர மூக்கு. நெற்றியில் கலைந்து விழுந்த பிடரி மயிர். எங்களைப் போலவே அதுவும் முன்னால் நின்ற லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மாமா அதை ஒரு தடவை பார்த்தார். "பாவம். எறக்கி விட்டா நமக்கு முன்னாடி போய்ச் சேர்ந்துரும்" என்றார்.

என் மடியில் திறந்திருந்த பக்கத்திலும் ஒரு குதிரைதான். ஆயிரம் காதம் ஓடக்கூடிய குதிரை, உப்பு வண்டியில் பூட்டப்பட்டு மலையேறும் சீனத்துப் பழங்கதை. குதிரையைப் பார்த்தேன். பக்கத்தைப் பார்த்தேன். பிறகு, லாரி நகர்ந்ததும் இண்டிகேட்டர் போட்டு, பின்னால் வந்தவனுக்கு வழிவிட்டு, கையை உயர்த்தி நன்றியும் சொன்ன மாமாவைப் பார்த்தேன்.

மண்டைக்குள் டக்கென்று ஏதோ பொருந்தியது. அன்று ஆபீசில் நான் உருப்படியாக ஒரு வேலையும் செய்யவில்லை.

தேனீக்குப் பிறகு

போன வாரம் இந்தப் பத்தியில் தேனீ வளர்த்து முகம் வீங்கிய கதையைச் சொன்னேன். அதற்கு முன் பானை வனைந்த கதை, அதற்கும் முன் புல்லாங்குழல். இவற்றையெல்லாம் தொடர்ந்து படிக்கும் துரதிர்ஷ்டசாலிகளுக்கு என் அக்காவைத் தெரிந்திருக்கும். புதிதாக வந்தவர்களுக்காக ஒரு வரி. நான் தரணி. டெக்ஸஸின் ரவுண்ட் ராக்கில் சுதா அக்கா வீட்டு மாடியறையில் குடியிருக்கிறேன். அக்காவின் கணவர் சரவணன், கரூர்க்காரர். அவர்தான் மாமா. எனக்கும் அவருக்கும் ஆஸ்டினில் ஒரே வழியில் ஆபீஸ் என்பதால் அவர் காரிலேயே போய் அவர் காரிலேயே வருவேன். அவர்களுக்கு மித்ரா என்று ஒரு மகள். தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்வாள்.

சீனக் கவிதைகளில் குதிரைகளைப் பொறுக்கப்போகிறேன் என்று நான் சொன்ன நாளில், அக்கா தோசையைத் திருப்பிக்கொண்டே கேட்டாள். "தேனீ முடிஞ்சு இப்பக் குதிரையா? அடுத்தது யானைன்னு வந்து நிக்காத. கராஜ்ல எடமில்ல, பாத்துக்க."

ஆனால் இது தேனீ மாதிரி இல்லை. மாலை வகுப்பில் சேர்ந்து எழுத்துகளை ஒவ்வொன்றாக எழுதிப் பழகினேன். குதிரை என்ற எழுத்தை அதன் பழைய வடிவத்தில் போட்டால் பிடரியும் வாலும் நாலு காலும் கண்ணுக்குத் தெரியும். அந்த ஒரு எழுத்துக்காகவே குதிரை வரும் கவிதைகளாகப் பொறுக்க ஆரம்பித்தேன். பொறுக்கப் பொறுக்க ஒரு விஷயம் உறைத்தது. அந்தக் குதிரைகள் எதுவுமே சந்தோஷமாக ஓடவில்லை.

ஒன்று லாயத்தில் கிழடாகிப் படுத்திருக்கிறது, மனசு மட்டும் எல்லைப்புறத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. இன்னொன்று எலும்பும் தோலுமாக இருக்கிறது, ஆனால் அந்த எலும்பைத் தட்டினால் வெண்கலம் மாதிரிக் கணீரென்று கேட்கும். உப்பு வண்டிக் குதிரையோ மலைச்சரிவில் முட்டி மடங்கி நிற்கிறது. குதிரை அறிந்த ஒருவர் அந்த வழியாக வருகிறார். பார்த்த மாத்திரத்தில் இது என்ன குதிரை என்று அவருக்குத் தெரிந்துவிடுகிறது. அழுதுகொண்டே தன் மேலாடையைக் கழற்றி அதன்மேல் போர்த்துகிறார். அது தலையை நிமிர்த்திக் கனைக்கிறது. அவ்வளவுதான் கதை. நூற்றாண்டு நூற்றாண்டாகக் கவிஞர்கள் இதற்குத் திரும்பத் திரும்ப வருகிறார்கள்.

ஏனென்றால் எழுதியவர்களெல்லாம் அரசாங்க உத்தியோகத்துக்காகப் படித்தவர்கள். பரீட்சையில் தவறியவர்கள், தேறியும் எங்கோ ஒரு மூலைக்கு மாற்றலாகிப் போனவர்கள். குதிரை என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் அது அவர்களேதான்.

பாணனும் குதிரையும்

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நம் ஊர்ப் பழைய புலவர்கள் ஞாபகம் வருவார்கள். அவர்களுக்கு இந்தப் பொறுமையெல்லாம் கிடையாது. பரிசில் குறைந்தால் அரசன் முகத்துக்கு நேரே நாலு வார்த்தை கேட்டுவிட்டு, மூட்டையைக் கட்டிக்கொண்டு அடுத்த மலைக்குப் போய்விடுவார்கள். மலைக்கு ஒரு தலைவன் இருந்தான், போக இடம் இருந்தது. சீனத்துக்காரருக்கு வானத்துக்குக் கீழே ஒரே பேரரசர். அவர் பார்க்காவிட்டால் வேறு யார் பார்ப்பது? காத்திருக்க வேண்டியதுதான். குதிரை காத்திருக்கும்.

இதை ஒரு நாள் காரில் மாமாவிடம் மூச்சுவிடாமல் சொன்னேன். அவர் கொஞ்ச தூரம் போன பிறகு, "அப்ப கிரீன் கார்டு வராதவனெல்லாம் சீனாக்காரன், வந்தவனெல்லாம் பாணன். அப்படித்தானே?" என்றார்.

இதுதான் மாமா. நான் மூன்று மாதம் முட்டி மோதிக் கண்டுபிடித்ததை ஒரு சிக்னலில் முடித்துவிடுவார்.

அவருக்குக் கிரீன் கார்டு வந்தது போன கோடையில். அதுவரை அதே கம்பெனி, அதே நாற்காலி. வேலையை மாற்றினாலோ பதவியை மாற்றினாலோ காகிதங்கள் முதலிலிருந்து தொடங்கிவிடுமோ என்ற பயத்திலேயே வருடங்கள் போயிருந்தன. கார்டு வந்த அன்று அக்கா கேசரி கிண்டினாள். இனிமேல் மாமா மூட்டையைக் கட்டுவார், அல்லது கேட்க வேண்டியதைக் கேட்பார் என்று நானும் அவளும் எதிர்பார்த்தோம். மாமா கேசரி சாப்பிட்டுவிட்டு மறுநாள் அதே நாற்காலிக்குப் போனார்.

கேட்க வேண்டியது என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். மாமாவின் வேலை, ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து இருப்பைக் கணக்குப் பார்க்கும் சாஃப்ட்வேர். அதன் மூலை முடுக்கெல்லாம் அவர் கை பட்டது. அதற்கு ஒரு தலைமை ஆர்க்கிடெக்ட் பதவி உண்டு. மாமாவிடம் தொழில் பழகிய பையன்கள் அடுத்தடுத்து அந்தப் பதவிக்கோ அதைவிட மேலேயோ போய்விட்டார்கள். ஒவ்வொருவர் போகும்போதும் மாமா கேக் வாங்கிக்கொண்டு போவார்.

குதிரை ட்ரெய்லரைப் பார்த்த அதே வாரம் அந்தப் பதவி மறுபடி காலியானது. மாமாவின் மேனேஜர் கேரல் எல்லோருக்கும் ஒரு மெயில் போட்டார். விருப்பம் உள்ளவர்கள் இத்தனை வருடத்தில் தாங்கள் செய்ததைத் தங்கள் வார்த்தையில் ஒரு பக்கம் எழுதித் திங்கட்கிழமைக்குள் தர வேண்டும்.

பந்தியில் தனக்குத்தானே

அமெரிக்க ஆபீசில் வேலை பார்ப்பவர்களுக்கு இந்த வலி தெரியும். இங்கே வருடா வருடம் நம் பெருமையை நாமே எழுதிக் கொடுக்க வேண்டும். செல்ஃப் ரிவ்யூ என்று பெயர். கூட வேலை பார்க்கும் அமெரிக்கர்கள் காபி குடித்துக்கொண்டே எழுதித் தள்ளிவிடுவார்கள். நம் ஆட்களுக்குக் கை ஓடாது. "நான் செய்தேன்" என்று எழுத விரல் கூசும். எங்கள் டீம் செய்தது, மேனேஜரின் வழிகாட்டுதலால் முடிந்தது, எல்லோரும் உதவினார்கள் என்று ஒரு கல்யாண நன்றியுரையை எழுதிக் கொடுத்துவிட்டு, நம் வேலை நமக்காகப் பேசும் என்று வந்துவிடுவோம். வேலை எங்கே பேசுகிறது?

மாமா இதில் மகா கெட்டிக்காரர். அவருடைய பழைய ரிவ்யூக்களை அக்கா எனக்குக் காட்டினாள். ஓர் இடத்தில்கூட அவர் இல்லை.

வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாட்டில் அக்கா பேச்சை எடுத்தாள். எழுதியாச்சா என்று கேட்டாள். மாமா ரசத்தைப் பிசைந்தார்.

"எழுதலாம்தான். பந்தில உக்காந்துட்டு நமக்கு நாமே வாளியத் தூக்கிப் பரிமாறிக்கிற மாதிரி இருக்குது, சுதா."

"பரிமாற ஆளு வராத பந்தில அப்படியே பசியோட எந்திரிச்சுப் போவீங்களா?"

  அக்கா மோரை வழக்கத்தைவிடச் சத்தமாக மேசையில் வைத்தாள். அவளுக்கு அந்தப் பதவி முக்கியமில்லை என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு தடவையும் கேக் வாங்கிக்கொண்டு போகும் மனுஷனை அவளால் பார்க்க முடியவில்லை.

லின் சொன்ன ஃபுல் மார்க் பதில்

அன்று மத்தியானம் நடந்த ஒன்றை இங்கே சொன்னால்தான் மற்றது புரியும். என் ஆபீசில் லின் என்றொரு தோழி. என் வயதுதான், சீனாவில் பள்ளிப்படிப்பை முடித்துவிட்டு வந்தவள். என் குதிரைப் பைத்தியம் அவளுக்குப் பெரிய வேடிக்கை. சின்ன வயதில் இதையெல்லாம் அடித்து மனப்பாடம் செய்ய வைத்தார்களாம். பரீட்சையில் ஒரே கேள்வியாம், இந்தக் குதிரை எதைக் குறிக்கிறது? கவிஞரை. ஃபுல் மார்க். அதற்குமேல் அவளுக்கு அந்தக் குதிரைகளிடம் எந்த வழக்கும் இல்லை.

நான் விடவில்லை. கவிஞர் நேராகவே தன்னைப் பற்றி எழுதியிருக்கலாமே, ஏன் குதிரை என்று கேட்டேன். லின் என் டிஃபன் பாக்ஸிலிருந்து எலுமிச்சை சாதத்தை ஒரு ஸ்பூன் எடுத்துக்கொண்டு, ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாள். நான் பெரிய திறமைசாலி என்று எழுதினால் அவருடைய அம்மாவே அடிப்பார். குதிரை பெரிய திறமைசாலி என்று எழுதினால் யார் அடிக்கப்போகிறார்கள்?

நான் அதுவரை அவற்றை அழுகைப் பாட்டாகவே படித்திருந்தேன். அவள் சொன்ன பிறகு வேறு மாதிரித் தெரிந்தது. அடுப்பிலிருந்து சூடான பாத்திரத்தை இறக்கக் கரித்துணி வேண்டும் இல்லையா, அந்த மாதிரி. "நான்" என்பதை வெறுங்கையால் பிடிக்கமுடியாத மனிதர்கள் குதிரையைச் சுற்றிப் பிடித்திருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமைக் குதிரை

ஞாயிறு மதியம். கொல்லையில் நாங்கள் வைத்த முருங்கை அந்த வருடம் பனியில் தப்பித்துத் தழைத்திருந்தது. மாமா தரையில் பேப்பரை விரித்து, மித்ராவை எதிரில் உட்கார வைத்து, கீரை உருவிக்கொண்டிருந்தார். அந்த ஒரு பக்கம் வெள்ளையாகவே இருந்தது.

நான் லேப்டாப்போடு பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "மாமா, உங்களப் பத்தி ஒண்ணும் சொல்ல வேண்டாம். ஒரு குதிரை இருக்குது. அது இத்தன வருசமா என்ன பண்ணுச்சுன்னு மித்ராக்குக் கதையாச் சொல்லுங்க. போதும்."

மாமா சிரித்தார். எதற்கென்று அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் மித்ரா அதற்குள் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டாள். கதை கேட்கும் பிள்ளையிடம் கதை இல்லை என்று சொல்ல மாமாவால் ஆகாது.

"ஒரு குதிரை இருந்துச்சு கண்ணு. ஆஸ்பத்திரிக்கெல்லாம் மருந்து ஏத்திட்டுப் போற வண்டி, அதோட வண்டி."

"வாஸ் இட் எ ஃபாஸ்ட் ஹார்ஸ்?"

"ஃபாஸ்ட்டெல்லாம் இல்ல. நிக்காது. அவ்வளவுதான்."

நான் இங்கிலீஷில் தட்டிக்கொண்டே வந்தேன். குதிரை முதலில் ஒரு பழைய வண்டியை இழுத்தது. வண்டியின் அச்சு தேய்ந்திருப்பதை யாரும் கவனிக்காதபோது குதிரை கவனித்தது. ஓடும்போதே அச்சை மாற்ற ஒரு வழி கண்டுபிடித்தது. அதன்பிறகு வண்டி ஒரு நாளும் குடை சாயவில்லை. மித்ராவின் கேள்விகள் என்னுடையவற்றைவிட நன்றாக இருந்தன. மாமா கீரையைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார்.

பிறகு பனி வந்தது. ஊரே உறைந்து கரன்ட் போன வாரம். மற்ற குதிரைகளெல்லாம் லாயத்துக்குள் மாட்டிக்கொண்டன. இந்தக் குதிரை மட்டும் வாசலில் காருக்குள் உட்கார்ந்து, லேப்டாப்பைக் கார் சார்ஜரில் செருகி, வண்டியை நிற்காமல் பார்த்துக்கொண்டது. அது நின்றிருந்தால் எந்த ஆஸ்பத்திரியில் எந்த மருந்து இருக்கிறது என்று யாருக்கும் தெரிந்திருக்காது. இன்சுலின் தீர்ந்த ஓர் ஊருக்குப் பக்கத்து ஊரிலிருந்து அனுப்ப முடிந்தது.

"குதிரைக்கு லேப்டாப் எங்கிருந்து வந்தது" என்று மித்ரா இங்கிலீஷில் கேட்டாள். நான் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. அடுப்பைச் சின்னதாக வைத்துவிட்டுச் சமையலறை வாசலில் வந்து நின்றிருந்தாள்.

"அன்னைக்கு ஆபீஸ் மெயில் பாக்கிறேன்னுதான் சொன்னீங்க" என்றாள். "நான் செவப்புச் சால்வையக் கொண்டுவந்து போத்திவிட்டுத் திட்டிட்டுப் போனேன்."

"மெயிலும் பாத்தேன்" என்றார் மாமா.

அப்புறம் குதிரை சில குட்டிகளுக்கு ஓடக் கற்றுக்கொடுத்தது. குட்டிகள் வளர்ந்து பெரிய லாயங்களுக்குப் போய்விட்டன. மித்ராவுக்கு இது பிடிக்கவில்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டு கேட்டாள். "வாஸ் தி ஹார்ஸ் மேட்?"

மாமா ஒரு காம்பை முழுதாக உருவி முடித்தார்.

"கோவமெல்லாம் இல்ல கண்ணு. ஆனா அதுக்குத் தெரியும்."

அதையும் தட்டினேன். குக்கர் விசில் அடித்தது. அக்கா உள்ளே போய்விட்டாள்.

ஒரு வரி

மற்றது சுலபம். குதிரை இருந்த இடத்திலெல்லாம் "நான்" போட்டேன். வண்டி இருந்த இடத்தில் சாஃப்ட்வேர், குட்டிகள் இருந்த இடத்தில் ஜூனியர்கள். கடைசி வரி மட்டும் ஆபீசுக்கு ஆகாது என்று தோன்றியது. ஆனால் அழிக்க மனம் வரவில்லை. எனக்கென்று எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று குதிரையோடு அப்படியே பக்கத்தின் அடியில் தள்ளி வைத்தேன். அதற்குள் அக்கா காபிக்குக் கூப்பிட்டாள்.

மாமாவிடம் காட்டினேன். முதல் வரியைப் படித்தார். லேப்டாப்பைத் தள்ளி வைத்தார்.

"முழுசாப் படிச்சா அனுப்ப மாட்டேன். அப்படியே அனுப்பீரு."

அவர் எதிரிலேயே, அவர் மெயிலிலிருந்தே, அனுப்பினோம். அனுப்பும்போது அவர் கீரைத் தண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமை மாலை என்னை ஏற்றிக்கொண்டபோது மாமா வழக்கம்போல் ரேடியோ போடவில்லை. பாலம் தாண்டி, வண்டிகள் மறுபடி ஊரத் தொடங்கிய இடத்தில் கேட்டார்.

"தரணி, அந்தப் பக்கத்துக்குக் கீழ ஒரு குதிர நின்னுட்டு இருந்துச்சா?"

 அடியில் தள்ளி வைத்த அந்த வரியை மறந்தே போயிருந்தேன். மன்னிப்புக் கேட்க வாய் திறந்தேன், அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

கேரல் அவரை அறைக்குக் கூப்பிட்டிருக்கிறார். மேசையில் பிரின்ட் எடுத்த அந்தப் பக்கம். கடைசி வரிக்கு அடியில் பேனாக் கோடு. குதிரைக்குக் கோபம் இல்லை, ஆனால் அதற்குத் தெரியும். யார் இந்தக் குதிரை என்று கேரல் கேட்டாராம்.

"எம்பொண்ணு ஸ்கூல் கதை, தெரியாம ஒட்டிக்கிச்சுன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துருச்சு" என்றார் மாமா. "அப்பறம் நான்தான்னு சொன்னேன்."

முன்னால் இருந்த கார் நகர்ந்தது. மாமாவும் நகர்ந்தார்.

கேரல் கண்ணாடியைக் கழற்றி வைத்தாராம். இத்தனை வருட ரிவ்யூக்களையும் படித்திருக்கிறேன், உங்கள் டீம் ரொம்ப நல்ல டீம் என்று நினைத்துக்கொண்டேன், அதில் நீங்கள் எது என்று எனக்குத் தெரியவே இல்லை என்றாராம். பிறகு நேராகக் கேட்டிருக்கிறார், இந்தப் பதவி உங்களுக்கு வேண்டுமா?

"என்ன சொன்னீங்க மாமா?"

"வேணும்னேன்."

அவ்வளவு சின்ன வார்த்தை. அதைச் சொன்ன மனிதர் லேன் மாறினார், பின்னால் வந்தவருக்குக் கையை உயர்த்தினார். நான் கண்ணாடியை இறக்கி நீலப் பூக்களைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

வீட்டில் அக்காவிடம் அவரே சொன்னார்.  சாப்பாட்டு மேசையில் அவருக்கு மட்டும் அப்பளம் கூடுதலாக விழுந்தது.

சனிக்கிழமை

பதவி இன்னும் முடிவாகவில்லை. அடுத்த மாதம் மூன்று பேர் உட்கார்ந்து மாமாவைக் கேள்வி கேட்பார்கள். அங்கே குதிரை கிடையாது, எல்லாவற்றையும் அவரே சொல்ல வேண்டும். காலையில் காரில் ஒத்திகை நடக்கிறது. நான் கேட்கிறேன், அவர் பதில் சொல்கிறார். "நாங்கள்" என்று வாய் தவறினால் ஹாரனை அடிப்பது என்று ஏற்பாடு. நேற்று முன்னால் போன ஒரு பெண்மணி எங்களைத் திரும்பி முறைத்தார்.

இதற்கு நடுவே இன்னொன்று. கேரல் மேற்கு டெக்ஸஸில் குதிரைகளோடு வளர்ந்தவராம். ஊருக்கு வெளியே அவர் வீட்டில் இன்னமும் ஒரு கிழட்டுக் குதிரை நிற்கிறது. எந்த வண்டியும் இழுப்பதில்லை, எங்கேயும் ஓடுவதில்லை, புல் மேய்வது மட்டுமே உத்தியோகம். குடும்பத்தோடு சனிக்கிழமை வாருங்கள், ஏறிப் பார்க்கலாம் என்று அழைத்திருக்கிறார்.

லின்னிடம் சொன்னேன். எதைக் குறிக்கிறது என்று கேட்டுவிட்டு வா என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை குதிரைகளைப் பொறுக்கிச் சேர்த்தவள், வாழ்க்கையில் ஒரு குதிரையைத் தொட்டதே இல்லை. அதன் கழுத்து சூடாக இருக்குமா, தட்டினால் என்ன சத்தம் வரும், ஒன்றும் தெரியாது.

ஃபிரிட்ஜின் கீழ்த் தட்டு முழுக்க மித்ரா கேரட்டை அடுக்கி வைத்திருக்கிறாள். நேற்று ராத்திரிச் சாப்பாட்டில் யார் முதலில் ஏறுவது என்ற பேச்சு வந்தது. வழக்கம்போல் ஆளாளுக்கு அடுத்தவரைக் காட்டினோம். அக்கா என்னை, நான் மித்ராவை, மித்ரா அப்பாவை.

மாமா தட்டிலிருந்து நிமிர்ந்தார்.

"நான் ஏறுறேன்" என்றார்.